ஹார்ப்சிகார்டுக்குத் தந்தி கட்டுவது முதல் சுருதி சேர்ப்பது வரை: முழுமையான வழிகாட்டி

ஹார்ப்சிகார்டு என்ற, தந்தியை மீட்டி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியத்தின் பெட்டி ஒட்டியாயிற்று. ஒலிப்பலகை உள்ளே உட்கார்ந்துவிட்டது, தந்தியின் அதிர்வை அதற்குக் கொடுக்கும் குதிரை பதித்தாயிற்று, பலகைமேல் பூ வேலையும் காய்ந்துவிட்டது. இதற்கப்புறம் செய்ய வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நல்ல தச்சு வேலை தெரிந்தவர்களும் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். பெட்டிக்கு மாதக்கணக்கில் பொறுமை காட்டியவர்கள், வாத்தியத்தின் குரலைத் தீர்மானிக்கும் வேலையை ஒரே வாரத்தில் முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

எடுத்துக்கொண்ட மாதிரி, ஆண்ட்வெர்ப் நகரத்து ருக்கர்ஸ் குடும்பத்தார் 17-ஆம் நூற்றாண்டில் செய்த ஒற்றைக் கீபோர்டு வடிவம். ‘8-அடி’ என்று சொல்லும் இயல்பான வரிசை ஒன்று, அதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் ‘4-அடி’ வரிசை ஒன்று. மூல வடிவில் 45 கீ, ஆக 90 தந்தி. இன்றைய நகல்கள் பலவற்றில் கீ கூடுதலாக இருக்கும், செய்முறை மாறாது.

இயங்கும் விதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீயை அழுத்தினால் அதன் மறுமுனை ‘ஜாக்’ என்ற மெல்லிய மரச்சட்டத்தைத் தூக்குகிறது. ஜாக்கின் தலைப்பக்கம் ஓர் அச்சில் ஆடும் நாக்கு. அதில் செருகிய ‘பிளெக்ட்ரம்’ என்ற மீட்டுமுனை மேலே போகும்போது தந்தியை மீட்டுகிறது. இறங்கும்போது நாக்கு பின்னால் சாய்ந்து தந்திக்கு வழிவிடுகிறது. சின்ன ஸ்பிரிங் ஒன்று அதை மறுபடி நேராக்குகிறது. கடைசியில் டாம்பர் துணி தந்தியில் உட்கார்ந்து ஒலியை நிறுத்துகிறது.

வேலையின் வரிசை இது: உராய்வு, தந்தி, இழுவிசை, ஜாக்கின் உயரம், பிளெக்ட்ரம், டாம்பர், சுருதி. ஒவ்வொன்றின் அளவும் அதற்கு முந்தையதை நம்பியிருப்பதால் வரிசையை மாற்றக்கூடாது. அதிலும் பிளெக்ட்ரத்தை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தந்திப் பட்டியல். எந்த ஸ்வரத்துக்கு எந்த உலோகம், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்பது வரைபடத்தோடோ கிட்டோடோ வந்திருக்கும். அதை வேறொரு வாத்தியத்தின் பட்டியலோடு கலக்காதீர்கள். இந்த வடிவத்தில் நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலுள்ள சி-யின் தந்தி நீளம் ஏறத்தாழ 355 மில்லிமீட்டர். ஏ = 415 ஹெர்ட்ஸ் சுருதிக்கு ஏற்றும்போது மென்மையான இரும்புக் கம்பி அறுந்துபோகும் எல்லைக்கு ஓரளவு அருகில் வந்து நிற்கும். நல்ல குரல் வருவது அந்த இடத்தில்தான்.

இந்த நீளத்தில் பித்தளையைக் கட்டினால் சுருதிக்கு வருவதற்குள் அறுந்துவிடும். இத்தாலிய வாத்தியங்களில் மேல்ஸ்தாயி வரை பித்தளை போடுகிறார்களே என்று கேட்பார்கள். அவற்றில் தந்தி நீளமே குறைவு. பியானோ கம்பியும் வேண்டாம். அது மிகக் கடினமான எஃகு. இந்த வடிவத்துக்குக் கணக்கிட்ட கம்பி அதுவல்ல. பொதுவாக மேலே இரும்பு, அதற்குக் கீழே மஞ்சள் பித்தளை, அடிமட்டத்தில் செம்பு அதிகம் கலந்த சிவப்புப் பித்தளை என்று போகும். ஒவ்வொரு தடிமனிலும் சில மீட்டர் கூடுதலாக வாங்குங்கள். முதல் சில தந்திகள் வீணாகத்தான் போகும்.

கருவிகள்: தந்தியை முறுக்கும் டியூனிங் பின்னுக்குச் சரியாகப் பொருந்தும் திருகுச் சாவி, சிறிய சுத்தியல், கம்பி வெட்டி, தந்தி முனையில் கண்ணி முறுக்க ஒரு கைத்துரப்பணத்தில் மாட்டிய கொக்கி, கூரான அறுவைக்கத்தி, பிளெக்ட்ரம் வெட்ட ஒரு சின்னக் கடினமரக் கட்டை, ஏ 415 சுருதிக் கவை, ஈரப்பதமானி. அப்புறம் கண்ணைக் காக்கும் கண்ணாடி. அறுந்த இரும்புக் கம்பி முகத்தை நோக்கித்தான் வரும்.

2. அறையை முதலில் சரிசெய்யுங்கள்

ஒலிப்பலகை ஸ்புரூஸ் மரம். தடிமன் 3 மில்லிமீட்டர் அளவுதான். ஈரம் ஏறினால் வீங்கி மேலே எழும்பும், குதிரையையும் தூக்கும், சுருதி ஏறும். வறண்டால் எல்லாம் தலைகீழ். ஈரத்தில் ஜாக்குகளும், அவை நுழையும் ரெஜிஸ்டர் சட்டத்தின் துளைகளும் மழைக்காலத்துக் கதவு போல இறுகிக்கொள்ளும்.

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. எண்ணைவிட முக்கியம் அது ஒரே நிலையில் நிற்பது. கடலோர நகரமென்றால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இல்லாமல் முடியாது. ஏசியை வேலை நேரத்தில் மட்டும் ஓட்டி இரவில் அணைத்துவிடுவது இருப்பதிலேயே மோசமான வழி. வாத்தியமும் ஜாக்குகளும் இந்த அறையில் ஓரிரு வாரம் கிடக்கட்டும். அதற்கு முன் எடுத்த அளவு எதையும் நம்ப வேண்டாம்.

3. உராய்வைத் தீர்ப்பது

தந்தி கட்டும் முன்பே இதை முடித்துவிட வேண்டும். தந்தி வந்த பிறகு கீபோர்டை வெளியே இழுப்பதும் ரெஜிஸ்டரைத் தேய்ப்பதும் இரட்டிப்பு வேலை.

கீபோர்டிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு கீயையும் பின்பக்கம் சற்றுத் தூக்கிவிடுங்கள், அது தன் எடையிலேயே இறங்க வேண்டும். நடு ஆணித் துளையில் பிடித்தால் துளையின் பக்கவாட்டை லேசாக அழுத்தித் தளர்த்துங்கள். கத்தியால் பெரிதாக்கினால் கீ ஆடத் தொடங்கிவிடும்.

அடுத்து ஜாக். ஒவ்வொன்றையும் அதன் எண்ணுக்குரிய துளையில் போட்டுப் பாருங்கள். மேல் வழிகாட்டி, அதாவது பக்கவாட்டில் நகரும் ரெஜிஸ்டர், கீழ் வழிகாட்டி இரண்டிலும் தடையின்றி விழ வேண்டும். இறுகினால் ஜாக்கின் எந்தப் பக்கம் பளபளக்கிறது என்று பார்த்து அந்தப் பக்கத்தை மட்டும் ஓரிரு இழுப்பு சீவுங்கள். துளையைத் தொடாதீர்கள், ஜாக்கை மாற்றிவிடலாம், ரெஜிஸ்டரை மாற்றுவது லேசல்ல. எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசி ஒட்டி இன்னும் இறுகும்.

நாக்கையும் இப்போதே சோதியுங்கள். விரலால் பின்னுக்குத் தள்ளிவிட்டால் உடனே நேராக வேண்டும், ஆனால் அறையக்கூடாது. பலமான ஸ்பிரிங் இருந்தால் ஜாக் இறங்கும்போது நாக்கு சாயாது. பிளெக்ட்ரம் தந்தியின் மேலேயே உட்கார்ந்துவிடும்.

4. தந்தி கட்டுதல்

4-அடி வரிசையை முதலில் முழுதாகக் கட்டுங்கள். அது 8-அடித் தந்திகளுக்குக் கீழே ஓடுகிறது, அதன் கொக்கி ஆணிகளும் ஒலிப்பலகையின் நடுவிலேயே இருக்கின்றன. மேலே 8-அடி வந்துவிட்டால் அங்கே கை போகாது. அவசரப்பட்டு 8-அடியை முதலில் கட்டி, ஒலிக்கிறதா என்று பார்த்து மகிழ்ந்துவிட்டு, பிறகு பாதியைக் கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கண்ணி போடும்போது கம்பியின் இரு இழைகளும் ஒன்றையொன்று பின்னிக்கொள்ளும்படி சில முறுக்கு முறுக்குங்கள். அதன் பிறகுதான் வால் முனையைத் தந்தியின் மேல் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். பின்னாமல் வாலை மட்டும் சுற்றினால் பார்க்க அழகாக இருக்கும், இழுவிசை ஏறியதும் மெல்ல வழுக்கும். ‘இந்தத் தந்தி மட்டும் சுருதியில் நிற்கவே மாட்டேன் என்கிறது’ என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் கண்ணி.

கண்ணியைக் கொக்கி ஆணியில் மாட்டி, குதிரையின் ஆணியைச் சரியான பக்கம் தொட்டு, டியூனிங் பின்களின் பக்கத்திலுள்ள முன் குதிரை வழியாக டியூனிங் பின் வரை கம்பியைத் தளராமல் கொண்டுவாருங்கள். ஒரு மடிப்பு விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தூக்கி எறியுங்கள். மடிந்த இடத்தில் இன்றில்லாவிட்டால் நாளை அறும். அதுவரை ஒலியும் கோணலாகவே இருக்கும். இரும்புக் கம்பியை வெறும் விரலால் நீளம் முழுக்கத் தடவாதீர்கள், வியர்வை பட்ட இடத்தில் துருவேறும்.

டியூனிங் பின்னில் துளை இருக்காது. கம்பி முனையைப் பின்னோடு ஒட்டிப் பிடித்து, முதல் சில சுற்றுகளை அதன் மேலேயே ஏற்றிச் சிக்கவைத்து, மீதியைக் கீழ்நோக்கி நெருக்கமாகச் சுற்றுங்கள். தந்தி கடைசிச் சுற்றிலிருந்து, முன் குதிரையின் உயரத்துக்குக் கீழாகப் புறப்பட வேண்டும். அப்போதுதான் முன் குதிரைமேல் அழுத்தம் விழும். அழுத்தம் இல்லையென்றால் தந்தி இரைச்சலிடும், அது பிளெக்ட்ரத்தின் குறை என்று தவறாகவும் தோன்றும். மெல்லிய கம்பிக்குச் சுற்று அதிகம் வேண்டும், தடித்த கம்பிக்குக் குறைவு போதும்.

பின்னைத் துளையில் வைத்துச் சிறு சுத்தியலால் தட்டி இறக்குங்கள். சுற்றுகள் மரத்தைத் தொடக்கூடாது. இப்போதைக்குத் தந்தி நேராக நிற்கும் அளவு முறுக்கினால் போதும்.

5. இழுவிசையை ஏற்றுதல்

ஒரே தந்தியைச் சுருதிக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒலிப்பலகையும் பெட்டியும் புதிய சுமைக்கு வளைந்து கொடுக்கும். ஒரு கோடியில் முழு இழுவிசையும் மறுகோடியில் ஒன்றுமில்லாமலும் இருந்தால் அந்த வளைவு கோணலாகும்.

முதல் சுற்றில் எல்லாத் தந்திகளையும் சில சுரம் தாழ்வாக நிறுத்துங்கள். ஓர் இரவு விட்டுவிட்டு அடுத்த சுற்றில் அரைச் சுரம் தாழ்வாக. பிறகுதான் 415. காலையில் பார்த்தால் எல்லாம் இறங்கியிருக்கும். டியூனிங் பின் வழுக்கிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், கம்பியும் கண்ணியும் சுற்றும் இறுகி உட்காருகின்றன. மேலே ஏற்றிவைத்தால் இறங்கிச் சரியாகும் என்று 415-ஐத் தாண்டி ஏற்றாதீர்கள். இந்த நீளத்துக்கு 440-க்கு ஏற்றினாலே இழுவிசை எட்டில் ஒரு பங்கு கூடிவிடும், மென்மையான இரும்பு அதைத் தாங்கும் என்று சொல்ல முடியாது.

பூச்சோ பூ வேலையோ பாக்கி இருந்தால் தந்தி கட்டும் முன்பே முடித்திருக்க வேண்டும். இந்த நிலையில் ஒலிப்பலகைமேல் ஈரத் தூரிகை படவே கூடாது.

6. ரெஜிஸ்டரும் ஜாக்கின் உயரமும்

சுருதி ஓரளவு நின்ற பிறகு ரெஜிஸ்டர்களை ‘மீட்டும்’ நிலைக்கு நகர்த்தி, தடுப்பை அங்கே பொருத்துங்கள். பிற்பாடு இரு பக்கமும் கொஞ்சம் நகர்த்த இடம் விட்டு நடுவில் நிறுத்துவது நல்லது. பிளெக்ட்ரத்தின் நீளம் முழுக்க இந்த நிலையை நம்பி வெட்டப்போகிறீர்கள். வெட்டிய பிறகு ரெஜிஸ்டர் நகர்ந்தால் ஒரு வரிசை முழுக்கவே நீளமாகவோ குட்டையாகவோ ஆகிவிடும். ஜாக் தலையில் நாக்கின் சாய்வை மாற்றும் திருகு இருந்தால் அதையும் நடுநிலையில் வைத்து, நாக்கு செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள்.

கீ ஓய்வில் இருக்கும்போது பிளெக்ட்ரத்தின் (செருகும் முறை அடுத்த பகுதியில்) மேல்பரப்புக்கும் தந்திக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வேண்டும். ஜாக்கின் அடியில் திருகு இருந்தால் அதைக் கொண்டு சரிசெய்யலாம். இல்லாவிட்டால் அடிமரத்தைச் சீவ வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக. இடைவெளி மிகக் குறைந்தால் இறங்கும்போது பிளெக்ட்ரம் தந்திக்குக் கீழே போகாது. அதிகமானால் கீ பாதிவரை ஒன்றும் செய்யாமல் இறங்கும்.

இரண்டு வரிசையும் ஒரே கணத்தில் மீட்டக்கூடாது, விரலுக்குத் திடீரெனக் கனக்கும். ஒன்று சற்று முந்தட்டும். எது முந்த வேண்டும் என்பதை உங்கள் வரைபடம் சொல்லும். இரண்டு தனித்தனித் தட்டலாகக் கேட்டால் இடைவெளி அதிகம்.

டாம்பர்களை இப்போது மாட்ட வேண்டாம். தாழ்வாக உட்கார்ந்த டாம்பர் ஜாக்கைத் தந்தியில் தொங்கவிட்டுவிடும், அப்போது நீங்கள் எடுக்கும் உயரம் பொய். பக்கத்துத் தந்திகள் ரீங்கரிக்காமல் இருக்க ஒரு கம்பளித் துண்டை நெசவு போல இடையில் ஓட்டிவிட்டால் போதும்.

7. பிளெக்ட்ரம்

பழைய வாத்தியங்களில் பறவை இறகின் தண்டு. இப்போது பெரும்பாலும் டெல்ரின் பிளாஸ்டிக், அரை மில்லிமீட்டர் தடிமன். முதல் வாத்தியத்துக்கு டெல்ரினே போதும். இறகுக்கு ஒரு தனி ருசி உண்டு, ஆனால் ஒவ்வொரு தண்டும் ஒவ்வொரு மாதிரி இருப்பதால் தவறு உங்கள் கையிலா தண்டிலா என்று கண்டுபிடிக்க முடியாது.

செருகுவது நாக்கின் பின்பக்கத்திலிருந்து. இறுக்கமாக நிற்க வேண்டும், ஆனால் அளவுக்கு மீறி அழுத்தினால் மர நாக்கு பிளந்துவிடும். நிற்கும் கோணம் கிடைமட்டம் அல்லது நுனி இம்மியளவு மேல்நோக்கி. கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் இழுத்துவிட்டு மறுபடி செருகுங்கள், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடாதீர்கள்.

நீளம்: தந்தியைத் தாண்டி அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஜாக்கை வெளியே எடுத்து, கட்டைமேல் வைத்து, ஒரே அழுத்தில் வெட்டுங்கள். வெட்டு நேராக இல்லாமல் சாய்வாக இருக்க வேண்டும்: மேல்பரப்பு நீளமாகவும் அடிப்பரப்பு குட்டையாகவும். இறங்கும்போது அந்தச் சாய்வில் தந்தி பட்டு நாக்கு பின்னால் நகரும். சாய்வைத் தலைகீழாக வெட்டினால் முழு வரிசையும் சிக்கும். புதியவர்களிடம் அடிக்கடி பார்ப்பது இது.

இப்போது மீட்டிப் பாருங்கள். கரடுமுரடாக, சத்தமாக ஒலிக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும், குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. ஜாக்கை எடுத்து அடிப்பரப்பில் மட்டும், நடுவிலிருந்து நுனி நோக்கி, மெல்லிய இழை இழையாகச் சீவுங்கள். மேல்பரப்பைத் தொடாதீர்கள். தந்தி சறுக்குவது அதன்மேல்தான், அங்கே ஒரு கீறல் விழுந்தால் ஒலியில் சொரசொரப்பு கேட்கும், பிளெக்ட்ரமும் சீக்கிரம் தேயும். வேரில் அதிகம் சீவினால் மடிந்து ஒடியும். நுனியில் அதிகம் சீவினால் குரல் மெலிந்து, கொஞ்ச நாளில் தந்தி அதில் பள்ளம் போடும். ஓர் இழை, ஒரு சோதனை. இதை வேகப்படுத்த வழியில்லை.

முதலில் ஒவ்வொரு ஸ்தாயியின் சி-யையும் சரிசெய்து, அவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு இடையில் உள்ளவற்றை அவற்றுக்கு ஏற்ப நிரப்புங்கள். ஒரு கோடியிலிருந்து வரிசையாகப் போனால் காது மெல்ல நகர்ந்துவிடும். மறுகோடிக்கு வரும்போது குரல் பாதியாகியிருக்கும். கீழ்ஸ்தாயிக்குச் சற்றுப் பலம் வேண்டும். 4-அடி வரிசை 8-அடியைவிட மென்மையாக இருக்கட்டும். இரண்டும் சேரும்போது 4-அடி தனியாகக் கேட்கக்கூடாது, 8-அடியின் ஓசை மட்டும் பளிச்சென்று ஆக வேண்டும்.

களைத்த காதுக்கு எல்லாமே சத்தமாகக் கேட்கும், சீவிக்கொண்டே போவோம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போங்கள். சரியாக முடித்ததாக நினைத்த வரிசையை மறுநாள் காலையில் மெதுவாக, கீ ஒன்றுவிடாமல் வாசித்துப் பார்த்துவிட்டு அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.

8. டாம்பரும் ஜாக் ரெயிலும்

டாம்பர் துணி தந்தியை மேலிருந்து தொட்டால் போதும். ஜாக்கின் எடை கீயின் முனையில்தான் நிற்க வேண்டும், துணியில் அல்ல. டாம்பர் மாட்டிய பிறகு கீயில் ஓர் ஆட்டம் புதிதாகத் தெரிந்தால் ஜாக் துணியில் தொங்குகிறது என்று பொருள். துணியை ஓர் இழை மேலே தூக்குங்கள்.

ஜாக்குகளுக்கு மேலே வரும் ரெயிலின் அடியில் கம்பளி ஒட்டியிருக்கும். கடைசியாக மீட்டும் வரிசையும் மீட்டிச் சற்று இடம் கிடைத்த பிறகே ஜாக் அதில் முட்ட வேண்டும். முன்னதாக முட்டினால் சில ஸ்வரங்கள் ஒலிக்கவே ஒலிக்காது. மிக உயரமாக இருந்தால் கீ ஆழமாக இறங்கி வேகமான வாசிப்பு தடுமாறும்.

9. சுருதி

ருக்கர்ஸ் காலத்து இசை மட்டும் வாசிப்பதானால் கால்-கமா மீன்டோன் என்ற பழைய சுருதி முறை. பாக் (Bach) எழுதிய இசையும் வாசிப்பீர்கள் என்றால் வல்லாட்டி என்ற சுருதி முறை வசதி: எஃப்-சி-ஜி-டி-ஏ-இ-பி என்ற ஆறு பஞ்சமங்கள் ஒரே அளவில் சற்றுக் குறுகியவை, மீதி ஆறும் சுத்தம்.

8-அடியை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். கவையிலிருந்து ஏ-யை எடுத்து, அதற்குக் கீழ் ஸ்தாயி ஏ-யை அலையில்லாமல் (இரண்டும் சேராதபோது கேட்கும் துடிப்புத்தான் அலை) சேருங்கள். அந்தக் கீழ் ஏ-யிலிருந்து மேலே இ: சுத்தமாகச் சேர்த்துவிட்டு ஒரு பொட்டு இறக்குங்கள். இ-யிலிருந்து கீழே பி, அதையும் ஒரு பொட்டு இறக்கி. மறுபடி ஏ-யிலிருந்து மேலே டி, டி-யிலிருந்து கீழே ஜி, ஜி-யிலிருந்து மேலே சி, சி-யிலிருந்து கீழே எஃப்: இந்த நான்கையும் சுத்தமாகச் சேர்த்துவிட்டு ஒரு பொட்டு ஏற்றுங்கள். இந்த இடைவெளிகளில் வினாடிக்கு ஏறத்தாழ 1 முதல் 2 அலை கேட்கும்.

சோதனை: எஃப்-ஏ இடைவெளியின் அலையைவிட, மேலே உள்ள சி-இ அலை ஒன்றரை மடங்கு வேகமாக, ஒழுங்காக ஓட வேண்டும். இல்லையென்றால் ஆறில் ஏதோ ஒன்று தவறு. மேலே போகாதீர்கள்.

மீதி எல்லாம் அலையில்லாமல்: எஃப்-இலிருந்து மேலே பி ஃபிளாட், அதிலிருந்து மேலே இ ஃபிளாட், அதிலிருந்து கீழே ஏ ஃபிளாட். பி-யிலிருந்து மேலே எஃப் ஷார்ப், அதிலிருந்து கீழே சி ஷார்ப். கடைசியில் சி ஷார்ப்பும் ஏ ஃபிளாட்டும் தாமாகவே சுத்தமாகச் சேர்ந்தால் வேலை சரி. பிறகு ஸ்தாயி ஸ்தாயியாக இரு பக்கமும் விரியுங்கள், 4-அடியை 8-அடியோடு சேருங்கள்.

சாவியைச் சாய்க்காமல் சுழற்ற வேண்டும். சாய்த்தால் டியூனிங் பின் வளைந்து, சுருதி வந்ததுபோல் காட்டிவிட்டு, கையை எடுத்ததும் திரும்பிப்போகும். அதற்கும் முன், சாவி இருப்பது சரியான பின்னில்தானா என்று பாருங்கள். வேறு தந்தியின் பின்னைத் திருகிக்கொண்டே, ஒலிப்பது மாறவில்லையே என்று இன்னும் திருகுவதுதான் தந்தி அறுவதற்கு முதல் காரணம்.

10. ஒரு ஸ்வரம் ஒலிக்காதபோது

கத்தியை எடுக்காதீர்கள். கீயை மெதுவாக, மிக மெதுவாக விடுங்கள். வேகமாக விட்டால் ஜாக் தன் வேகத்திலேயே தந்தியைத் தாண்டி விழும், குறை தெரியாது.

ஜாக் பாதியில் நின்றால் டாம்பரை மேலே தூக்கிவிட்டு மறுபடி பாருங்கள். சரியானால் குறை டாம்பரில். இன்னும் நின்றால் ஜாக்கை எடுத்து அதே துளையில் கையால் போடுங்கள். அங்கேயும் நின்றால் மரம் வீங்கியிருக்கிறது, ஈரப்பதமானியைப் பாருங்கள். தடையின்றி விழுகிறது, ஆனால் பிளெக்ட்ரம் தந்தியின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்றால் ஸ்பிரிங், அதற்குப் பிறகு நுனியின் சாய்வு, அதற்கும் பிறகுதான் நீளம். பல ஸ்வரங்கள் ஒரே நாளில் ஒலிக்காமல் போனால் தனித்தனியாக எதையும் தொட வேண்டாம். ரெஜிஸ்டர் நகர்ந்திருக்கும், அல்லது அறை மாறியிருக்கும்.

முதல் சில வாரம் அநேகமாகத் தினமும் சுருதி பார்க்க வேண்டிவரும். அந்த வாரங்களில் அறும் தந்தி எந்த இடத்தில் அறுந்தது என்று குறித்துவையுங்கள். கண்ணியில் என்றால் உங்கள் முறுக்கில் குறை, டியூனிங் பின்னில் என்றால் சுற்றில், குதிரை ஆணியில் என்றால் அங்கே கம்பி கூர்மையாக மடிந்திருக்கிறது. ஒரே ஸ்வரம் மறுபடி மறுபடி அறுந்தால் பட்டியலைத் திரும்பப் பாருங்கள்: இரும்பு முடிந்து பித்தளை தொடங்கும் இடம் ஒன்றிரண்டு ஸ்வரம் மேலே தள்ளிப்போயிருக்கும்.